கொசுவுக்கு நான் கொடுத்த மாத்திரை

கொசுவை முதன்முதலில் பார்த்த அன்றைக்கே நான் அவளைக் கன்னத்தில் அறைந்தேன். பறக்கிற கொசு இல்லை, என் கணவருடைய தங்கை. அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவள் யாரோ, நான் யாரோ. பேருந்து நிலையத்தில் விசாரணைக் கவுன்டரில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. சேரும்முன் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற அறையில் ஒல்லியாக ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். என் கையைப் பிடித்து, "கொசு கடிச்ச மாதிரிதான் இருக்கும், அவ்வளவுதான்" என்றாள். ஊசி என்றால் எனக்கு உயிரே போய்விடும். அது உள்ளே போன நொடியில் என் இன்னொரு கை தானாக எழுந்து அவள் கன்னத்தில் இறங்கிவிட்டது.

அவள் அசையவில்லை. குழாய் நிறையும்வரை ஊசியைப் பிடித்திருந்தாள். உருவினாள். பஞ்சை வைத்து அழுத்தினாள். அதற்குப் பிறகுதான் கன்னத்தைத் தடவிக்கொண்டாள்.

"கொசுன்னு சொன்னேன். அதுக்காக அடிச்சுடறதா?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கொசு என்றே பெயர் நின்றுவிட்டது. டாக்டர்கள்கூட, "கொசுவைக் கூப்பிடுங்க" என்பார்கள். இரண்டு மாதம் கழித்து என் கவுன்டருக்கு வந்து ஏதோ ஒரு பஸ்ஸின் நேரம் கேட்டாள். என்னை ஞாபகம் வைத்திருந்தாள். வீட்டுக்குப் போய் அண்ணனிடம், "உனக்கு ஒரு பொண்ணு பாத்திருக்கேன். கைதான் கொஞ்சம் வேகம். பரவால்ல, அடிக்கிற கைதான் அணைக்கும்" என்றாளாம். என் கல்யாணம் நடந்த கதை இவ்வளவுதான்.

ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்காது என்று என் வீட்டில் பயந்தார்கள். கொசு கல்யாணமே செய்துகொள்ளவில்லை, எங்களோடுதான் இருந்தாள். ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களுக்கு அவளிடம் ஒரே பதில். "தினமும் அறுபது பேர் கையைப் பிடிக்கிறேன். இதுக்கு மேல யார் கையைப் பிடிக்கச் சொல்றீங்க?" இருபத்தாறு வருடத்தில் நாங்கள் போடாத சண்டை இல்லை. ஈரத் துண்டை நாற்காலியில் போடுவாள், நான் கத்துவேன். நான் ஒரு சிடுமூஞ்சி, ஒத்துக்கொள்கிறேன். கண்ணெதிரே எழுதிப் போட்டிருக்கிற நேரத்தை நாள் முழுக்க வாயால் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிப் பாருங்கள், தெரியும். ஆனால் சண்டை முடிந்து கால் மணி நேரத்தில், "அண்ணி, டீ போடட்டுமா?" என்று வந்து நிற்பாள். அவள் போடுகிற டீ வெந்நீர் மாதிரி இருக்கும். குடித்துவிடுவேன்.

அவள் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீமோ எடுத்து எடுத்து நரம்பெல்லாம் சுருங்கிப்போனவர்களை, பிறந்து மூன்று நாள் ஆன குழந்தைகளை, மற்றவர்கள் குத்திக் குத்திக் கைவிட்டவர்களை எல்லாம் அவளிடம்தான் அனுப்புவார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலால் முழங்கை மடிப்பைத் தடவுவாள். எங்கோ ஓரிடத்தில் விரல் நிற்கும். அங்கே நரம்பு இருக்கும். புதிதாக வருகிற நர்ஸ்களிடம், "கண்ணால தேடாத, விரலால தேடு" என்பாள். அது ஒன்றில்தான் அவளுக்குக் கர்வம்.

எங்கள் வீட்டில் ஆளுக்கொரு இலாகா உண்டு. மின்சார மீட்டர் படிக்கிற வேலை பார்க்கும் என் கணவருக்குக் கணக்கு, கொசுவுக்கு ஊசி, எனக்கு மாத்திரை. அவருடைய பிரஷர் மாத்திரையைத் தினமும் காலையில் ஒரு கையில் எடுத்து, இன்னொரு கையில் தண்ணீரோடு நீட்டுவேன். அவர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமலே வாயைத் திறப்பார். என்ன மாத்திரை என்று ஒருநாளும் பார்த்ததில்லை. "விஷத்தைக் கொடுத்தாக்கூட இவருக்குத் தெரியாது" என்று கொசு சிரிப்பாள்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயதாகும்போது உடம்பெல்லாம் அரிக்க ஆரம்பித்தது. சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். ஒருநாள் லேபில் யாருக்கும் சொல்லாமல் தன் கையிலிருந்து தானே ரத்தம் எடுத்து, சுற்றும் மெஷினில் போட்டிருக்கிறாள். சுற்றி முடிந்ததும் குழாயின் மேல்பாதியில் நிற்கிற தெளிந்த நீர் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டுமாம். அவளுடையது நல்ல மஞ்சளாக நின்றதாம். முடிவுத் தாள் வரும்வரைகூட அவள் காத்திருக்கவில்லை. மத்தியானமே என் கவுன்டருக்கு வந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையில் நின்றாள். முறை வந்ததும் குனிந்து, "அண்ணி, எனக்கு என்னமோ ஆயிடுச்சு" என்றாள். எனக்குப் பின்னால் இருந்தவளிடம் கவுன்டரைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தேன்.

கணையத்தின் தலைப்பக்கத்தில் கட்டி. அது பித்தக்குழாயை நெருக்கியதால்தான் மஞ்சள். முதலில் வாய்வழியாக விட்டு, பித்தம் வடிய ஒரு சின்னக் குழாய் வைத்தார்கள். அரிப்பு நின்றது. அதன் பிறகு புற்றுநோய் டாக்டர் எங்கள் மூவரையும் உட்காரவைத்துப் பேசினார். அவர் சுற்றி வளைக்காத மனிதர்.

"கட்டி ஒரு பெரிய ரத்தக்குழாயை ஒட்டிட்டு இருக்கு. இப்ப ஆபரேஷன் பண்ண முடியாது. ஜெம்சிடாபின்னு ஒரு மருந்து, கூடத் துணைக்கு இன்னொண்ணு. வாரம் ஒருதடவை, மூணு வாரம் போட்டு ஒரு வாரம் விடணும். இதை மூணு சுற்று போட்டுட்டு ஸ்கேன் பாப்போம். கட்டி சுருங்கி ரத்தக்குழாயை விட்டு விலகினா ஆபரேஷன். விலகலைன்னா, இருக்கிற நாளை வலியில்லாம கொஞ்சம் நீட்டிக்கலாம். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

"விலகும் டாக்டர்" என்றாள் கொசு, அவருக்கு ஆறுதல் சொல்வது மாதிரி.

அதன் கெடுதல்களையும் அவர் மறைக்கவில்லை. வெள்ளை அணுக்கள் குறையும். அந்தச் சமயத்தில் கிருமி வந்தால் உடம்புக்கு எதிர்க்கத் தெம்பிருக்காது. முடி கொட்டும். துணை மருந்தால் விரல் மரத்துப்போகலாம். எல்லாவற்றையும்விட முக்கியமாக அவர் சொன்னது இது: "காய்ச்சல் நூறைத் தாண்டினா, எந்த நேரமா இருந்தாலும் போன் பண்ணணும். நீங்களா எந்த மாத்திரையும் போடக் கூடாது. காய்ச்சலை அமுக்கிட்டா உள்ள என்ன நடக்குதுன்னு எங்களுக்குத் தெரியாது. அதுவும் உள்ள குழாய் வேற இருக்கு, அது அடைச்சுக்கிட்டாலும் முதல்ல காய்ச்சல்தான் வரும்." நான் தலையாட்டினேன். மாத்திரை என் இலாகா அல்லவா, என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

முதல் மருந்து ஏறிய அன்று சாயங்காலமே காய்ச்சல் வந்தது. பற்கள் தந்தியடித்தன. போன் செய்தோம், வரச் சொன்னார்கள், ரத்தம் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. "இந்த மருந்து போட்ட அன்னைக்கு இப்படிக் காய்ச்சல் வரும்மா, பயப்படாதீங்க" என்று கீமோ வார்டு நர்ஸ் சொல்லி, அங்கேயே ஒரு பாராசிட்டமால் கொடுத்து அனுப்பினாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்தோம். கொசு அதற்கு 'ஜெம் காய்ச்சல்' என்று பெயர் வைத்தாள். மருந்தையே ஏதோ வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி, "ஜெம் வந்தா கொஞ்சம் கலாட்டா பண்ணிட்டுத்தான் போகும்" என்பாள்.

மூன்றாவது வாரம் வெள்ளை அணு குறைந்துவிட்டது என்று அந்த வார மருந்தைப் போடாமல் அனுப்பிவிட்டார்கள். அன்றைக்குத்தான் அவள் அழுது நான் பார்த்தேன். மஞ்சள் என்று தெரிந்தபோது அழவில்லை, முடி கொத்துக் கொத்தாக வந்தபோது அழவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, "ஒண்ணு போச்சு அண்ணி, ஒன்பதுல ஒண்ணு போச்சு" என்று தேம்பினாள். ஒன்று தவறினால் கட்டி அந்த ஒரு வாரத்தில் பிழைத்து எழுந்துவிடும் என்று அவளுக்கு ஒரு பயம். அப்படியில்லை என்று டாக்டர் சொல்லியும் அது போகவில்லை. அத்தனை வருடம் ஆஸ்பத்திரியில் இருந்தவள், அவளுக்குத் தெரியாதா என்று நானும் நம்பினேன்.

இரண்டாவது சுற்று முடியும்போது விரல்கள் மரத்துவிட்டன. சட்டைப் பொத்தானைப் போடத் தடுமாறினாள். ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு மேசையில் என் கையை இழுத்து வைத்து, முழங்கை மடிப்பில் விரலை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். விரல் இங்கும் அங்கும் போனது. எங்கேயும் நிற்கவில்லை.

"ஊசி எதுவும் வச்சிருக்கியா?" என்றேன், சிரிக்க வைக்கலாம் என்று.

"தெரியல அண்ணி" என்றாள். "உங்களது நல்ல நரம்பு. சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடிச்சிடும். எனக்குத் தெரியல."

என் கையை விடவில்லை. பிறகு, "பரவால்ல, விரல் போனாப் போகட்டும். உசிரு இருந்தா போதும்" என்றாள். டாக்டர் கேட்டபோது விரலெல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். மருந்தைக் குறைத்துவிடுவார்களாம். வீட்டிலேயே நான் பொத்தான் போட்டுவிட்டு அழைத்துப் போவேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையில் அப்போதே நான் கூட்டாளி ஆகிவிட்டேன்.

மூன்றாவது சுற்றில் இரண்டாவது மருந்து ஏறவேண்டிய நாள் வந்தது. முந்தின நாள் எடுத்த ரத்தத்தில் வெள்ளை அணு மயிரிழையில் தேறியிருந்தது. இன்னும் இரண்டே மருந்து, பிறகு ஸ்கேன். காலை ஏழு மணிக்கு அவள் அறைக்குப் போனேன். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தொட்டால் சுட்டது. தெர்மாமீட்டர் நூற்றொன்று காட்டியது.

"போனை எடு" என்றேன்.

"அண்ணி, வேணாம். சொன்னா இன்னைக்குத் தள்ளிப் போட்டுடுவாங்க."

"தள்ளினா தள்ளட்டும்டி."

"இது ஜெம் காய்ச்சல்தான் அண்ணி. ஒரே ஒரு மாத்திரை. ஏழரைக்குப் போட்டா ஒன்பதுக்கு இறங்கிடும். வாசல்ல ஒன்பதுக்குத்தான் காய்ச்சல் பாப்பாங்க. மருந்து ஏறட்டும். ஏறினதும் நானே அவங்ககிட்ட சொல்லிடறேன்."

எத்தனை மணிக்குப் போட்டால் எத்தனை மணிக்கு இறங்கும் என்று அவளுக்குத் தெரியும். வாசலில் எந்த நர்ஸ், எந்த நேரத்தில் பார்ப்பாள் என்றும் தெரியும். ஆஸ்பத்திரிக்காரிக்கு மட்டும்தான் அப்படி ஏமாற்றத் தெரியும். எனக்கும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். எந்த வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று சொல்லியே பிழைக்கிறவள் நான். ஜெம் காய்ச்சல் மருந்து ஏறிய அன்று சாயங்காலம் வருகிற வண்டி. ஏழு நாள் கழித்துக் காலையில் வருவது வேறு வண்டி. ஒரு நிமிடம் விரல்விட்டு எண்ணியிருந்தால் புரிந்திருக்கும். எண்ணவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் அழுத அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தைரியமில்லை.

அலமாரியைத் திறந்து பாராசிட்டமால் பட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கினேன். மரத்த விரலால் அவளுக்குப் பிடிக்க வராது என்று நானே அவள் நாக்கில் வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். என் கணவர் அந்நேரம் குளித்துக்கொண்டிருந்தார்.

கீமோ வார்டு வாசலில் தெர்மாமீட்டர் தொண்ணூற்றெட்டரை காட்டியது. மருந்து ஏறியது. ஏறினதும் சொல்கிறேன் என்றவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சாயங்காலம் மறுபடி குளிர்நடுக்கம். மருந்து போட்ட அன்று வருவதுதானே என்று அதையும் ஜெம் கணக்கில் எழுதினோம். மறுநாள் காலை சோர்ந்து படுத்திருந்தாள், தூங்கட்டும் என்று விட்டோம். மத்தியானம் சூப் எடுத்துக்கொண்டு போனால் கண் மறுபடி மஞ்சளாக இருந்தது. என்னைப் பார்த்து, "அடுத்தவங்களை வரச் சொல்லுங்க" என்றாள். லேபில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். சூப்பை எங்கே வைத்தேன் என்று எனக்கு நினைவில்லை.

பித்தக்குழாயில் வைத்த குழாய் அடைத்துக்கொண்டு, கிருமி ரத்தத்தில் இறங்கிவிட்டது. எதிர்க்க வேண்டிய வெள்ளை அணுக்களை முந்தின நாள் ஏறிய மருந்து விழுங்கிக்கொண்டிருந்தது. அவசரமாகக் குழாயை மாற்றினார்கள், ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் நினைவு தெளிந்தது. பிழைத்துவிட்டாள் என்றே நினைத்தேன். அப்போதுதான் டாக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கேட்டார். என் கணவரும் இருந்தார்.

"அன்னைக்குக் காலைல காய்ச்சல் இருந்துச்சா? ஏதாவது மாத்திரை போட்டீங்களா?"

அவர் கேட்டது என்னைத்தான். வாழ்நாளெல்லாம் கேள்விக்குப் பதில் சொல்லியே சம்பளம் வாங்கியவள் நான். போர்வையின் நுனியை இழுத்துச் சரிசெய்தேன்.

"நானேதான் போட்டுக்கிட்டேன் டாக்டர்" என்றாள் கொசு. குரல் காற்றாக வந்தது. "அண்ணிக்கு ஒண்ணும் தெரியாது."

டாக்டர் அவளைத் திட்டவில்லை. அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரிதானே அது. வெளியே வந்தபிறகு எங்கள் இருவரிடமும், "குழாயைப் பாக்கறதுக்காக ஸ்கேன் எடுத்தோம். கட்டி பாதிக்கு மேல சுருங்கியிருக்கு. ரத்தக்குழாயை விட்டு விலகியிருக்கு" என்றார். எனக்கு ஒரு நொடி சந்தோஷம் பொங்கியது. பிறகு அவர், "அன்னைக்கு மருந்தைத் தள்ளியிருந்தா ஒண்ணும் கெட்டுப்போயிருக்காது. குழாய் எப்படியும் அடைச்சிருக்கும். ஆனா ஒன்றரை நாள் முன்னாடியே பிடிச்சிருப்போம்" என்றார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதுதான்.

விலகியிருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். "நான் சொன்னேன்ல?" என்று கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். கணவர் வெளியே போனதும் குனிந்து, "ஏண்டி அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன். "நீங்க இந்த வீட்ல இருக்கணும் அண்ணி" என்றாள். ஒரு நர்ஸ் வந்து ரத்தம் எடுக்க மூன்று இடத்தில் குத்திப் பார்த்தாள், கிடைக்கவில்லை. கொசு தன் இடது கையை லேசாகத் திருப்பிக் கொடுத்தாள். "முழங்கைக்குக் கீழ, வெளிப்பக்கம். கண்ணால தேடாத." நர்ஸுக்கு அங்கே கிடைத்தது. ஊசியை உருவியதும் கொசு என்னிடம், "கொசு கடிச்ச மாதிரிதான் இருந்துச்சு" என்றாள். அவள் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அதுதான். அதன் பிறகு சிறுநீரகம் நின்றது, மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். பதினோராம் நாள் போய்விட்டாள்.

ஒன்றரை வருடமாகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் என் கணவர் அதே கதையைத்தான் சொல்வார். "எல்லாருக்கும் படிச்சுப் படிச்சுச் சொல்றவ, தானா மாத்திரையை முழுங்கிட்டு உக்காந்திருக்கா. பைத்தியக்காரி. இவகிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" சொல்லும்போது என்னைக் கைகாட்டுவார். நான் டீ எடுத்துக்கொண்டு வருவேன். நான் வாங்க வேண்டிய திட்டையெல்லாம் செத்தபிறகு அவள்தான் வாங்கினாள். உயிரோடு இருந்தபோது அண்ணன் அவளை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை.

போன மாதம் அவருடைய ஆபீஸ் நண்பர் வந்திருந்தார். மறுபடி அதே பைத்தியக்காரிக் கதை. நண்பர் செருப்பு மாட்டிக்கொண்டு போனதும் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன்.

"அந்த மாத்திரையை நான்தான் கொடுத்தேன். அவ கேட்டா. நான்தான் எடுத்து நாக்குல வச்சேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பேப்பரை மடித்தார். அதை இன்னும் சின்னதாக மடித்தார்.

"அவளே கேட்டாளா?"

"கேட்டா."

"அழுதாளா?"

"அழற மாதிரி இருந்தா."

மடித்த பேப்பரை மேசையில் வைத்துவிட்டு, "நானா இருந்தாலும் கொடுத்திருப்பேன்" என்றார். அதோடு எழுந்து போய் முகம் கழுவினார். சாயங்காலம் எப்போதும்போலப் பேசினார், சாப்பிட்டார், நாளைக்கு எந்தத் தெருவில் மீட்டர் பார்க்கப் போகிறார் என்று சொன்னார். அவர் நல்ல மனிதர். இன்றுவரை அதைப் பற்றி ஒரு சொல் சொல்லிக் காட்டியதில்லை. வருகிறவர்களிடம் அந்தக் கதையையும் சொல்வதில்லை.

மறுநாள் காலையில் வழக்கம்போல ஒரு கையில் பிரஷர் மாத்திரையும் இன்னொரு கையில் தண்ணீருமாகப் போனேன். அவர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தினார். "வச்சிடு, நானே போட்டுக்கறேன்" என்றார். அன்றிலிருந்து அவர்தான் அலமாரியைத் திறந்து, பட்டையின் பெயரை ஒருதரம் படித்துப் பார்த்துவிட்டு, மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்கிறார். நான் தண்ணீரை மட்டும் வைத்துவிட்டு வந்துவிடுகிறேன்.